சித்தி வாங்கிய கருப்புக் கல்: ஷுங்கைட் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

போன தை மாதம் கோயம்புத்தூரிலிருந்து சித்தி போன் செய்தார். "ஏங் கண்ணு, தண்ணியில போடற கல்லு ஒண்ணு வாங்கிருக்கேன், ரஷ்யாக் கல்லாம், நீ அதைத்தானே படிச்ச, கொஞ்சம் பாத்துச் சொல்லு." ஜியாலஜி படித்துவிட்டு இப்போது அதற்குச் சம்பந்தமில்லாத வேலை பார்க்கிறவன் நான். ஆனாலும் கல் என்று யாராவது சொன்னால் இன்னும் கை பரபரக்கும். அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது பொட்டலத்தை வாங்கிப் பார்த்தேன்.

கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, நெல்லிக்காய் அளவில் பதினைந்து கற்கள். மங்கலான கருப்பு, தொட்டால் விரலில் லேசாகக் கரி ஒட்டுகிறது. பொட்டலத்தின் மேல் நான்கு வரி: 98 சதவீதம் கார்பன்; நோபல் பரிசு வாங்கிய ஃபுல்லரீன் நிறைந்தது; மகா பீட்டர் என்ற ரஷ்யப் பேரரசர் காலத்திலிருந்து தண்ணீரைச் சுத்தம் செய்வது; செல்போன் கதிர்வீச்சைத் தடுப்பது.

முதல் தடவை படித்தபோது நாலுமே புருடா என்றுதான் தோன்றியது. தோண்டிப் பார்த்தால் விஷயம் அதைவிட வேடிக்கையானது. நாலு வரிக்குப் பின்னாலும் உண்மையான ஏதோ ஒன்று இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு கல்லையோ தண்ணீரையோ பற்றிய உண்மை. சித்தி கையில் இருந்த கல் எது என்பதைப் பொட்டலம் சொல்லவே இல்லை.

இந்தக் கல் எங்கிருந்து வருகிறது

ரஷ்யாவின் வடமேற்கில் பின்லாந்தை ஒட்டி கரேலியா என்று ஒரு பகுதி. அங்கே ஒனேகா ஏரி, ஐரோப்பாவின் இரண்டாவது பெரிய ஏரி. அதன் வடகரைப் பக்கம் ஷுங்கா என்றொரு கிராமம். அங்கே கிடைத்த பளபளப்பான கருப்புப் பொருளைத்தான் ஆரம்பத்தில் 'ஒலோனெட்ஸ் ஆந்த்ரசைட்' என்று நிலக்கரிக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து நிலவியலாளர் அலெக்சாண்டர் இனோஸ்த்ரான்த்செவ் அதை ஆராய்ந்து, இது நிலக்கரியும் இல்லை கிராஃபைட்டும் இல்லை என்று கண்டு, 1879இல் கிராமத்தின் பெயரையே வைத்து ஷுங்கைட் என்றார். அவர் பெயர் வைத்தது கிட்டத்தட்ட முழுக்கக் கார்பனாக, 98 சதவீதத்துக்கு மேல் இருந்த அந்தப் பொருளுக்கு மட்டும்தான்.

வம்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. பிற்பாடு அந்த வட்டாரத்தில் கார்பன் கலந்த எல்லாக் கருப்புப் பாறைக்கும் அதே பெயர் பரவிவிட்டது. ரஷ்ய நிலவியலாளர்கள் அதை ஐந்து வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் வகையில் கார்பன் 98க்கு மேல், இரண்டாவதில் 35 முதல் 80 வரை, மூன்றாவதில் 20 முதல் 35, நாலாவதில் 10 முதல் 20, ஐந்தாவதில் பத்துக்கும் கீழே. ஐந்துக்கும் புழக்கத்தில் ஒரே பெயர். பாலுக்கும் மோருக்கும் பால் கழுவின தண்ணீருக்கும் பால் என்றே பெயர் வைத்து விற்றால் எப்படியிருக்கும், அப்படி.

கனிமம் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கனிமம் என்றால் ஒழுங்கான படிக அமைப்பு வேண்டும். ஷுங்கைட் கார்பனில் அது கிடையாது, கண்ணாடி மாதிரி ஒழுங்கற்ற கட்டமைப்பு. மற்ற வகைகள் எல்லாம் பாறைகள்தான்.

வயதைச் சொன்னால் சித்தி நம்பவில்லை: சுமார் 200 கோடி வருஷம். அப்போது பூமியில் மரம் இல்லை, செடி இல்லை, புல் இல்லை, நுண்ணுயிர்கள் மட்டும்தான். நம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி காட்டு மரங்கள் புதைந்து உண்டானது. ஷுங்கைட்டுக்குப் புதைய மரமே இருக்கவில்லை. நீருக்கடியில் சேறோடு சேர்ந்து படிந்த நுண்ணுயிர் எச்சங்கள் புதைந்து, வெந்து, எண்ணெயாகி, அந்த எண்ணெய் பாறை இடுக்குகளில் ஓடித் தேங்கி, பிறகு எரிமலைப் பாறைக்குழம்பு உள்ளே புகுந்து சூடுபடுத்தியதில் கெட்டியாகி, கடைசியில் கல்லாக நின்றது. அதாவது கரேலியாவில் கிடப்பது கல்லாகிப்போன ஒரு புராதன எண்ணெய் வயல். அந்தப் பாறைகளில் மொத்தம் 25,000 கோடி டன்னுக்கு மேல் கார்பன் இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. பூமியின் அந்தக் காலத்தில் இவ்வளவு கார்பன் ஒரே இடத்தில் எப்படிச் சேர்ந்தது என்பதைப் படிக்க சர்வதேசக் குழு ஒன்று 2007இல் அங்கே ஆழ்துளை போட்டு நீள நீளமாகப் பாறைத் தண்டுகளை எடுத்தது. எனக்குக் கேட்டால் ஷுங்கைட்டின் உண்மையான அதிசயம் இதுதான், ஆனால் இதைப் பொட்டலத்தில் போட்டால் யார் வாங்குவார்கள்?

98 சதவீதமா?

சரி, முதல் வரி. இதற்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை, சித்தியின் சமையலறையே போதுமானதாக இருந்தது.

உண்மையான முதல் வகைக் கல் வெள்ளி கலந்த கருப்பாகப் பளபளக்கும், உடைந்தால் பாட்டில் கண்ணாடி உடைந்த மாதிரி வளைந்த முகத்தோடு உடையும், நொறுங்கும். அதை நெல்லிக்காய் மாதிரி உருட்டி மெருகேற்ற முடியாது, பிரமிடு செதுக்கவும் முடியாது. சித்தியின் கற்களோ மழமழவென்று உருண்டையாக இருந்தன. அப்புறம், கார்பன் மட்டும் என்றால் கல் மெதுவானது, கடினத்தை 1இலிருந்து 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 3.5 முதல் 4, கண்ணாடியைக் கீறாது. காலி ஊறுகாய் பாட்டிலில் ஒரு கல்லை அழுத்தி இழுத்தேன், பல்லைக் கூச வைக்கும் சத்தத்தோடு வெள்ளைக் கோடு விழுந்தது. உள்ளே கண்ணாடியைவிடக் கடினமான குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா, இருக்கிறது.

மூன்றாவதாக எடை. சித்தி முறுக்கு மாவு நிறுக்கிற டிஜிட்டல் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, ஏழெட்டுக் கற்களை ஒரு நூலில் கோத்து, முதலில் வெளியே நிறுத்து, பிறகு தண்ணீரில் முங்கும்படி தொங்கவிட்டு நிறுத்து, கணக்குப் போட்டேன். அடர்த்தி 2.3 வந்தது. சுத்தமான ஷுங்கைட் கார்பன் 1.8 முதல் 2 வரைதான் வரும். சிலிக்கா கலந்த மூன்றாம் வகைப் பாறைக்கு 2.1இலிருந்து 2.4. மூன்று சோதனையும் ஒரே பக்கம் கை காட்டின: இது மூன்றாம் வகை, ஏறத்தாழ 30 சதவீதம் கார்பன், மீதியில் பெரும்பங்கு சிலிக்கா. 98 என்பது இன்னொரு கல்லின் ஜாதகம்.

அதற்காக மூன்றாம் வகையை மட்டமாக நினைக்க வேண்டாம். உண்மையில் காசு பார்க்கிற ஷுங்கைட் இதுதான். ஷுங்காவுக்கு அருகில் தொல்வுயா பக்கம் ஸஜோகினோ என்ற இடத்தில் திறந்த சுரங்கம் இருக்கிறது, 3.5 கோடி டன் இருப்பு. அங்கே வெட்டி எடுக்கும் பாறையில் கார்பனும் சிலிக்காவும் சும்மா பக்கத்துப் பக்கத்தில் கிடக்கவில்லை, ஒன்றுக்குள் ஒன்று வலை பின்னின மாதிரி மிக நுணுக்கமாகக் கலந்திருக்கின்றன. இரும்பு உருக்காலையிலோ இரும்பும் சிலிக்கானும் சேர்ந்த ஃபெரோசிலிக்கான் செய்யும் உலையிலோ தேவைப்படுவதே இந்த ரெண்டும்தான், ஆக்ஸிஜனைப் பிடுங்கக் கார்பன், சேர்ப்பதற்கு சிலிக்கா. கோக்கையும் (நிலக்கரியைச் சுட்டு எடுத்த உலைக்கரி) குவார்ட்ஸையும் தனித்தனியாகக் கொட்டிக் கலப்பதற்குப் பதிலாக இயற்கையே கலந்து வைத்த கல்லை உள்ளே தள்ளிவிடலாம், இரண்டும் ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருப்பதால் வினை சுலபமாக நடக்கிறது. வார்ப்பு இரும்பு உலைகளில் கோக்கில் ஒரு பங்குக்கு மாற்றாக இதைப் போட்டிருக்கிறார்கள். ரப்பருக்கு நிரப்பியாக, கருப்பு நிறமியாகப் பொடித்தும் விற்கிறார்கள். எந்தப் பொட்டலத்திலும் 'உலைக்கு உகந்தது' என்று எழுதிப் பார்த்ததில்லை.

இதே பாறையை எரிபொருளாக்கப் பார்த்தவர்கள் தோற்றார்கள். கருப்பாக, கார்பனாக இருக்கிறதே என்று நிலக்கரி ஆசையில் முயன்றார்கள். பாதிக்கு மேல் சிலிக்கா இருக்கிற கல் எப்படி எரியும்? சாம்பல்தான் மிஞ்சியது.

ஐந்தாம் வகையையும் சொல்லிவிடுகிறேன். கரேலியாவிலேயே கொந்தொபோகா பக்கத்து நிகோஸெரோவில் கிடைக்கும் கருப்புப் பலகைக் கல்லில் கார்பன் சில சதவீதம்தான். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் கஸான் தேவாலயத்திலும் புனித ஐசக் தேவாலயத்திலும் உள்வேலைப்பாட்டுக்குப் போன கருப்புக் கல் இது. 1100 டிகிரி அளவில் சுட்டால் பொரி மாதிரி உப்பும், எடை குறைந்த கான்கிரீட்டுக்கு அது ஜல்லி. பெயர் ஷுங்கிஸைட். பெயர் வைப்பதில் அவர்களுக்குக் கஞ்சத்தனம் அதிகம் போல.

ஃபுல்லரீன் விவகாரம்

இரண்டாவது வரிக்குத்தான் நிறைய நேரம் செலவானது.

ஃபுல்லரீன் என்பது கார்பன் அணுக்களாலான கூண்டு. அதில் பேர்போனது, 60 கார்பன் அணுக்கள் கால்பந்தின் தையல் மாதிரி ஐங்கோணமும் அறுகோணமுமாகச் சேர்ந்த உருண்டை, சி60. குரோட்டோ, கர்ல், ஸ்மாலி மூவரும் 1985இல் கண்டுபிடித்தார்கள், 1996இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அதுவரை ஆய்வுக்கூடத்தில் மட்டும் பார்த்த இந்த மூலக்கூறு இயற்கையில் உண்டா என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்த நேரம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் புசெக்கிடம் வேலைக்கு வந்த செமியோன் த்ஸிபுர்ஸ்கி சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்தவர், அவரிடம் ஷுங்கைட் துண்டு ஒன்று இருந்தது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைப் பார்த்தபோது, சி60 உருண்டைகள் அடுக்கி வைத்தது போன்ற ஒழுங்கு தெரிந்தது. ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ராபர்ட் ஹெட்டிச் மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறை நிறமாலையில் சோதித்தார், சி60, 70 அணுக்கள் கொண்ட சி70 இரண்டுக்குமான அடையாளம் கிடைத்தது. 1992 ஜூலையில் 'சயின்ஸ்' இதழில் மூவர் பெயரிலும் கட்டுரை வந்தது: நிலவியல் சூழலிலிருந்து கிடைத்த ஃபுல்லரீன்.

பொட்டலக்காரரின் கதை இங்கே முடிந்துவிடுகிறது. அறிவியலின் கதை இங்கேதான் தொடங்குகிறது. மற்ற குழுக்கள் வேறு ஷுங்கைட் துண்டுகளை வாங்கித் தேடினார்கள். பலருக்குக் கிடைக்கவில்லை. 1995இலேயே கேள்வி எழுந்துவிட்டது. 2003இல் கரேலியக் கற்களையும் சேர்த்துச் சோதித்த ஒரு குழு அந்தக் கற்களில் ஃபுல்லரீன் இல்லை என்று அறிவித்தது. கிடைத்ததாகச் சொன்னவர்களுக்கும் மிக மிகக் குறைவாகவே கிடைத்தது. புசெக்கே 2002இல் மொத்தத்தையும் திரும்பப் பரிசீலித்து நீண்ட கட்டுரை எழுதினார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் பார்த்தது பாறை இடுக்கில் படிந்த ஒரு படலம், ஒரு துண்டில், ஒரு மூலையில். அது எல்லா ஷுங்கைட்டிலும் இருக்க வேண்டும் என்று அந்தக் கட்டுரை சொல்லவில்லை. சொன்னது பின்னால் வந்த வியாபாரம். அதுவும் முதல் வகைக் கல்லில் கண்டதாகச் சொன்னதை மூன்றாம் வகைக் கூழாங்கல்லின் தலையில் கட்டியது.

கண்ணால் பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. சி60 டொலுயினில் கரையும், கரைந்தால் கத்தரிப்பூ நிறம் வரும். கல்லூரியில் ஒரு முறை பார்த்திருக்கிறேன், மறக்க முடியாத நிறம். ஷுங்கைட்டில் ஃபுல்லரீன் 'நிறைந்து' இருந்தால் பொடித்து டொலுயினில் போட்டதும் ஊதா தெரிய வேண்டும், தெரியாது. டொலுயின் நச்சு, வீட்டில் யாரும் முயல வேண்டாம். இன்னொன்று, சி60 தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம். ஆக, கல்லில் அது இருந்தாலுமே குடத்துத் தண்ணீருக்கு வந்து சேராது.

இயற்கையில் சி60 வேறெங்கும் இல்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் மின்னல் தாக்கி உருகிய பாறையில் 1993இல் கண்டார்கள். 2010இல் ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி செத்துக்கொண்டிருக்கும் ஒரு நட்சத்திரத்தைச் சுற்றிய வாயுவில் பார்த்தது.

ஷுங்கைட் கார்பனில் ஃபுல்லரீன் இல்லாவிட்டாலும், ஃபுல்லரீனை நினைவூட்டும் ஒன்று உண்டு. அடுக்குகள் தட்டையாக இல்லாமல் வளைந்து, சில நானோமீட்டர் அளவுக் குமிழ்களைச் சுற்றி மடங்கியிருக்கின்றன. அந்த வளைவால்தான் எவ்வளவு சூடுபட்டும் அது கிராஃபைட்டாக மாறாமல் நின்றுவிட்டது. சிவகங்கையில் வெட்டுகிறார்களே கிராஃபைட், அதில் அடுக்குகள் சீட்டுக்கட்டு மாதிரி தட்டையாக இருப்பதால் வழுக்கும், பென்சிலில் எழுதும். ஷுங்கைட் வழுக்காது, ஆனால் மின்சாரம் கடத்தும். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்துச் சித்தியின் கல்லின் இரண்டு பக்கமும் முள்ளை அழுத்தினேன், பீப் என்று கத்தியது. தெரு முனை இஸ்திரிக்காரரிடம் வாங்கின சிரட்டைக் கரியில் வைத்தேன், சத்தமே இல்லை. சித்தப்பா அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து தானும் ரெண்டு தடவை கத்த வைத்துப் பார்த்தார்.

பீட்டரும் தண்ணீரும்

மகா பீட்டர் 1719இல் கரேலியாவில் மார்த்சியால்னியே வோதி என்ற ஊற்றுகளை மருத்துவத் தலமாக அறிவித்தார், ரஷ்யாவின் முதல் மருத்துவ ஊற்றுத் தலம் அது, அவரே சில முறை போய் வந்தார். ஆனால் பெயரைக் கவனியுங்கள். மார்ஸ் போர்க்கடவுள், அந்தக் கால ரசவாதத்தில் இரும்பின் அடையாளம். அது இரும்புத் தண்ணீர். சோகை பிடித்தவருக்கு இரும்புத் தண்ணீர் உதவியிருக்கும். கல்லைத் தண்ணீரில் ஊறவைத்துக் குடித்த வைத்தியம் அல்ல அது. ஸ்வீடனை எதிர்த்த பொல்தாவா போரில் பீட்டரின் படைவீரர்கள் பையில் ஷுங்கைட் வைத்திருந்து தண்ணீரில் போட்டுக் குடித்தார்கள் என்றும் ஒரு கதை சுற்றுகிறது. பொல்தாவா நடந்தது 1709இல், ஊற்றுத் தலத்துக்குப் பத்து வருஷம் முன்னால்.

ஷுங்கைட் தண்ணீரைச் சுத்தம் செய்யுமா? செய்யும், வடிகட்டித் தொட்டியில் படுக்கையாகப் போட்டு, நன்றாகக் கழுவி, தண்ணீரைத் தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய்க் கசிவு, சில கரிமப் பொருட்களைப் பிடித்துக்கொள்ளும், ரஷ்யாவில் அப்படிப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அழுக்கைப் பிடித்துக்கொள்கிற உள்பரப்பு கிராமுக்குச் சில பத்து சதுர மீட்டரைத் தாண்டாது. சாதாரண ஆக்டிவேட்டட் கார்பனில் அது 500இலிருந்து 1000க்கும் மேலே போகும். நம் வீட்டு ஃபில்டரில் ஏற்கெனவே இருப்பது அதுதான்.

குடத்தில் ஊறவைப்பது வேறு விஷயம், கவலைப்பட வேண்டியதும் இதுவே. பாறைக்குள் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) முதலான சல்ஃபைடுகள் பொடிப்பொடியாக இருக்கின்றன, வெயிலில் திருப்பினால் மஞ்சள் மினுக்கு தெரியும். காற்றும் தண்ணீரும் பட்டால் பைரைட் அமிலம் விடும், அமிலம் கூட இருக்கிற நிக்கல், தாமிரம், துத்தநாகம், காட்மியம் போன்றவற்றைக் கரைத்துக் கூட்டிவரும். லாட்வியாவின் ரிகாவில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு ஒன்று குடிநீருக்கு ஷுங்கைட் சரியான தேர்வுதானா என்று நேரடியாகவே கேட்டது. ஊறவைத்த முதல் நாட்களில் நிக்கல், ஈயம், காட்மியம், ஆர்செனிக் வரைக்கும் தண்ணீருக்குள் வந்திருந்தது.

நானும் பார்த்தேன். பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு கேன் வாங்கி, ரெண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஒன்றில் மூன்று கல், இன்னொன்றில் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் பிஎச் தாளை நனைத்தால் வெறும் தண்ணீரில் மஞ்சள், கல் கிடந்ததில் தெளிவான ஆரஞ்சு, அதாவது அமிலம் கூடியிருக்கிறது. டம்ளர் அடியில் கல்லைச் சுற்றித் துருநிறத்தில் மெல்லிய வளையம். வீட்டுத் தண்ணீரில் சுண்ணாம்பு இருப்பதால் இவ்வளவு சட்டென்று தெரியாது, அமிலத்தைச் சுண்ணாம்பு கொஞ்சம் அமுக்கிவிடும். உலோகத்தை அளக்க என்னிடம் கருவி இல்லை, அந்த வளையமே எனக்குப் போதுமானதாக இருந்தது. சித்தி டம்ளரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதையா ஒரு மாசமா குடிச்சோம்" என்றார். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை, அவர் ஆரம்பத்திலிருந்தே மண்பானைக் கட்சி.

கதிர்வீச்சு

நாலாவது வரிக்கு நிறைய சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் கடத்தும் எதுவும் ரேடியோ அலையை மறிக்கும். ஷுங்கைட் பொடி கலந்த பூச்சை அறை முழுக்க, நாலு சுவரும் மேலும் கீழும் பூசினால் அலை குறையும், அந்த மாதிரி கட்டுமானப் பொருட்கள் உண்மையிலேயே இருக்கின்றன. போனின் முதுகில் ஒட்டும் ரூபாய் நாணய அளவு வில்லையோ மேஜை மேல் பிரமிடோ எதையும் மறிக்காது, அலை சுற்றிக்கொண்டு போகும். ஒருவேளை நன்றாக மறித்துவிட்டால் டவரை எட்டுவதற்காகப் போன் இன்னும் பலமாகக் கத்தும், பேட்டரி சீக்கிரம் தீரும். வாங்கினவருக்கு ரெண்டு விதத்திலும் நஷ்டம்தான்.

கற்கள் இப்போது எங்கே

குடத்திலிருந்து கற்களை எடுத்தாயிற்று. மீன் தொட்டியில் போடலாமா என்று சித்தி கேட்டார், வேண்டாம் என்றேன், தாமிரமும் நிக்கலும் நம்மைவிட மீனுக்குத்தான் முதலில் ஆகாது. துளசி மாடத்தில் வைக்கலாமா என்றார். அமிலம் விடுகிற கல்லுக்கு அங்கே என்ன வேலை என்று அதையும் தடுத்தேன். "அப்ப எதுக்குத்தான் ஆவும் இது?" என்றார் எரிச்சலாக. கொடுத்த காசை எண்ணிப் பார்த்தால் எரிச்சல் நியாயம்தான்.

கடைசியில் எடுத்துக்கொண்டது ஏழாவது படிக்கிற அவர் பேத்தி. பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு அட்டையில் பேட்டரி, சின்ன எல்இடி, நடுவே வயரை விட்டு இடைவெளி. அதில் ஜல்லிக்கல், சிரட்டைக் கரி, பென்சில் முனை, ஷுங்கைட் என்று ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினாள். முதல் ரெண்டுக்கும் விளக்கு எரியவில்லை, அடுத்த ரெண்டுக்கும் எரிந்தது. அட்டையின் கீழே பொட்டலத்தைப் பார்த்து '98% கார்பன்' என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு 30 என்று போடச் சொன்னேன். மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அடித்தாள்.